நானா, அவனா? கதை சொல்வது யார்? (வாசகர் கேள்வி – பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் கதை எழுதுகிறவர்களும் எழுத நினைக்கிறவர்களும்தான் அதிகம். அதனால் சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, கதைசொல்லல் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நீளமாக எழுதியவர்களின் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வாசகர், கோவில்பட்டி: முதல் நாவலில் நாற்பது பக்கம் வந்துவிட்டது. 'நான்' என்று தன்மையில் எழுதுகிறேன். படித்த நண்பர், 'அவன்' என்று மாற்று, அப்போதுதான் எல்லோருடைய மனசுக்குள்ளும் போகலாம் என்கிறார். எது சரி?

பதில்: எல்லோருடைய மனசுக்குள்ளும் போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தன்மையா படர்க்கையா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இந்தக் கதையைச் சொல்கிறவருக்கு என்ன தெரியாது என்பது. அது முடிவாகிவிட்டால் மற்றது தானாக முடிவாகிவிடும்.

ஒரு சின்ன உதாரணம். ஒரு வீட்டில் அப்பாவுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் சொல்லவில்லை. "வேலை போன மூன்றாவது நாளும் அவர் டிபன் பாக்ஸோடு கிளம்பினார், பஸ் நிலையத்து பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்" என்று எழுதினால் விஷயம் ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது. நமக்கு அவர்மேல் பரிதாபம் வருகிறது, அவ்வளவுதான். இதையே எட்டு வயதுப் பிள்ளை சொல்லட்டும்: "அப்பா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். இப்பவெல்லாம் அப்பா சீக்கிரம் வந்துவிடுகிறார், எனக்கு ஜாலி. டிபன் பாக்ஸில் சோறு அப்படியே இருந்தது, அம்மா ஒன்றும் சொல்லாமல் நாய்க்குப் போட்டாள்." இங்கே வேலை போனது என்று ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் நமக்குத் தெரிகிறது, அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பதும் தெரிகிறது, பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை. நண்பர் சொன்னபடி எல்லோருடைய மனசுக்குள்ளும் போயிருந்தால் அந்த 'ஜாலி' கிடைத்திருக்காது.

அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையைத் தேடிப் படியுங்கள். சினிமா ஸ்டூடியோவில் வேலை பார்க்கிற ஒருவர் 'நான்' என்று சொல்கிறார். புலிவேஷம் கட்டுகிற காதர் வேலை கேட்டு வருகிறார். பார்க்க நோஞ்சானாகத் தெரிகிற ஆள், புலித்தலையை மாட்டிக்கொண்டதும் அந்த அறைக்குள் நிஜமாகவே ஒரு மிருகம் நுழைந்துவிட்டதுபோல ஆகிவிடுகிறது. பிறகு வாய்ப்பு ஒன்று வரும்போல இருக்கும்போது கடிதம் போடுகிறார்கள், கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. சொல்கிறவருக்கு அதற்கு மேல் தெரியாது. காதர் எங்கே போனார், என்ன ஆனார் எதுவும் தெரியாது. கதையை 'அவர்' என்று எழுதி காதரோடு வீட்டுக்கே போயிருந்தால் வறுமைக் கதைகளில் இன்னொன்று கிடைத்திருக்கும். இப்போது நாமும் அந்த ஸ்டூடியோக்காரரைப் போலவே ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் நிற்கிறோம்.

இதே அசோகமித்திரன் '18வது அட்சக்கோடு' நாவலில் (1977) சந்திரசேகரனை ஒரு இடத்தில் 'நான்' என்கிறார், இன்னொரு இடத்தில் 'அவன்' என்கிறார். நிஜாம் ஆட்சி முடிகிற காலத்து செகந்திராபாத், கிரிக்கெட்டும் கல்லூரியுமாக இருக்கிற பையன், ஊரே மாறிக்கொண்டிருக்கிறது. தன்னையே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டிய நேரம் வரும்போது 'அவன்' வந்துவிடுகிறான் என்பது என் வாசிப்பு. ஆகவே இரண்டையும் கலக்கலாம். ஆனால் அது முதல் நாவலில் செய்து பார்க்க வேண்டிய காரியமா என்றால், வேண்டாம். நாற்பது பக்கத்தை மாற்றாதீர்கள், எழுதி முடியுங்கள்.

வாசகி, மதுரை: எல்லாம் தெரிந்த கதைசொல்லி பழைய பாணி என்கிறார்களே, உண்மையா?

பதில்: உங்கள் ஊர்க் கதை ஒன்றையே சொல்கிறேன். சுஜாதாவின் 'நகரம்'. மூனாண்டிப்பட்டியிலிருந்து வள்ளியம்மாள் காய்ச்சலில் கிடக்கும் மகள் பாப்பாத்தியை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருகிறாள். பெரிய டாக்டர் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்குகிறார், மூளைக்காய்ச்சல், உடனே சேர்க்க வேண்டும் என்கிறார். நமக்குப் புரிகிறது, அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் சீட்டு, இன்னொரு சீட்டு, பூட்டிய அறை, நாளைக்குக் காலையில் வா. உள்ளே டாக்டர் அந்தப் பெண் எங்கே என்று சத்தம் போடுகிறபோது அவள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள், வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் காணிக்கையை வேண்டிக்கொண்டு.

இதில் சொல்கிறவருக்கு எல்லாம் தெரியும். டாக்டர் அறையும் தெரியும், வள்ளியம்மாள் மனசும் தெரியும். தெரிந்ததை அவளுக்குச் சொல்ல முடியாது, அதுதான் கதை. வள்ளியம்மாளே 'நான்' என்று சொல்லியிருந்தால் அவசரம் எவ்வளவு என்று நமக்கே தெரிந்திருக்காது, பதற்றமும் வந்திருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். கதை தொடங்குவது மதுரையின் பழம்பெருமையிலும் சுவர் விளம்பரங்களிலும். ஏதோ பத்திரிகைக் கட்டுரைபோல, உணர்ச்சியே இல்லாத குரல். கடைசிவரை 'ஐயோ பாவம்' என்று ஓர் இடத்தில்கூட அந்தக் குரல் உடையவில்லை. பழைய பாணி என்று சொல்கிறவர்களை இந்தக் கதையை உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள்.

வாசகர், சேலம்: அந்தக்கால எழுத்தாளர்கள் 'நேயர்களே' என்று நம்மைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். இப்போது யாரும் கூப்பிடுவதில்லையே, ஏன்?

பதில்: கல்கி 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கும்போது கற்பனை ஓடத்தில் ஏறித் தம்முடன் வரும்படி நேயர்களை அழைக்கிறார். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர் அது. வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம். போன வாரம் எங்கே விட்டோம் என்பதை ஞாபகப்படுத்த வேண்டும், ஆயிரம் ஆண்டு முந்தைய சமாசாரத்தைப் பாடம் நடத்தாமல் சொல்ல வேண்டும், இதற்கெல்லாம் கூடவே வருகிற ஒரு குரல் தேவைப்பட்டது. வந்தியத்தேவனுக்குத் தெரியாததும் அந்தக் குரலுக்குத் தெரியும், ஆனால் இப்போதைக்குச் சொல்ல மாட்டேன் என்று கண்சிமிட்டும். அடுத்த வாரம் பத்திரிகை வாங்க வைத்தது அந்தக் கண்சிமிட்டல்தான்.

இதற்கு நேர் எதிர்க் காரியத்துக்கும் அதே உத்தியைப் பயன்படுத்தியவர் புதுமைப்பித்தன். 'பொன்னகர'த்தில் அம்மாளு தன் புருஷனுக்குப் பால்கஞ்சி வார்ப்பதற்காக ஒரு சந்துக்குள் போய் முக்கால் ரூபாய் சம்பாதித்து வருகிறாள். அவ்வளவு நேரம் வறட்டுக் கிண்டலோடு ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தவர், கடைசியில் சட்டென்று நம் பக்கம் திரும்பி, கற்பு கற்பு என்று பேசுகிறீர்களே, இதுதான் ஐயா பொன்னகரம் என்று முடித்துவிடுகிறார். கல்கி கூப்பிட்டது கையைப் பிடித்து அழைத்துப் போவதற்கு, இவர் கூப்பிட்டது சட்டையைப் பிடிப்பதற்கு.

அவருடைய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' தொடக்கத்தையும் எடுத்துப் பாருங்கள். மேலகரம், அப்பா பெயர், ஏகபுத்திரன் என்று மரியாதை அடைமொழிகளையெல்லாம் அடுக்கிக் கந்தசாமிப் பிள்ளை 'அவர்களை' பிராட்வே முனையில் நிறுத்துகிறார். வெகு தீவிரமாகச் சிந்திக்கிறார் என்கிறார். என்ன சிந்தனை என்றால், டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை போட்டுக்கொள்ளலாமா என்று. 'கந்தசாமிப் பிள்ளை கஞ்சன்' என்று எங்கேயும் எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. வாக்கியத்தின் கம்பீரத்துக்கும் காலணாவுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியே நம்மைச் சிரிக்க வைக்கிறது. பின்னால் கடவுள் வந்து நிற்கும்போதும் அதே குரலில் சொல்வதால்தான் நம்பிவிடுகிறோம்.

இப்போது ஏன் கூப்பிடுவதில்லை? தனியாக, மௌனமாகப் படிக்கிறோம், கூப்பிட்டால் கூச்சமாக இருக்கிறது என்பது ஒரு காரணம். ஆசிரியர் கண்ணில் படக்கூடாது என்று ஒரு தலைமுறையே கட்டுப்பாடாக இருந்தது இன்னொரு காரணம். எனக்கென்னவோ அந்தக் கட்டுப்பாடு கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது என்று தோன்றுகிறது.

வாசகர், திண்டுக்கல்: கவித்துவமான நடை வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் சாதாரண நடை வரட்டும்.

வாசகி, நாகர்கோவில்: எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கதை எழுத ஆசை. வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, பின்பக்கத்தில் அருஞ்சொற்பொருள் போடு என்கிறார்கள்.

பதில்: தஞ்சாவூர்ப் பக்கமே போகாதவர்களும் தி. ஜானகிராமனின் பேச்சு நடையை ரசித்துப் படிக்கிறார்கள். கரிசலை ரயில் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவர்களும் கி. ராஜநாராயணனைப் படிக்கிறார்கள். ஆகவே புரியாது என்கிற பயத்தை விட்டுவிடுங்கள். நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு.

பலபேர் எழுதுவது எப்படி இருக்கிறது தெரியுமா? பாத்திரங்கள் பேசும்போது அச்சு அசலாக ஊர்ப்பேச்சு, மேற்கோள் குறி முடிந்ததும் "கருமேகங்கள் வானில் திரண்டு கொண்டிருந்தன" என்று பாடப்புத்தகம். படிக்கிறபோது, ஊர்க்காரர்களை யாரோ வேட்டி மடிப்புக் கலையாமல் எட்ட நின்று வேடிக்கை பார்ப்பதுபோல இருக்கும். விதைக்கக் காத்திருக்கிற சம்சாரிக்குக் கருமேகம் திரள்வது தெரியாது. "மேற்கே கூடி வருது, இன்னிக்கு எப்படியும் விதைச்சிரணும்" என்பதுதான் தெரியும். வட்டார வழக்கு என்பது 'போறாவ, வாராவ' என்று எழுத்துக்கூட்டுவது மட்டும் இல்லை. எதைக் கவனிக்கிறார்கள், எதை முதலில் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதில்தான் அது அதிகம் இருக்கிறது.

கி.ரா. செய்த பெரிய காரியம் அந்த மேற்கோள் குறியை உடைத்ததுதான். கதை சொல்கிற ஆளே ஊர்க்காரர் ஆகிவிட்டார். 'கோபல்ல கிராம'த்தில் (1976) ஊர்க்காரர்களின் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்த கதையை மங்கத்தாயாரு அம்மாள் என்கிற பழுத்த கிழவியின் வாயில் விடுகிறார். வரலாற்று ஆசிரியர் எழுதியிருந்தால் எந்த ஆண்டு, எந்த அரசன், எந்த வழி என்று கேட்டிருப்போம். பாட்டி சொல்லும்போது அற்புதங்களும் கூடவே வருகின்றன, நாம் சண்டைக்குப் போவதில்லை. அவளுக்குத் தேதி தெரியாது, யார் அழுதார்கள் என்பது தெரியும். அதே மனிதர் 1982-ல் கரிசல் வட்டாரச் சொற்களுக்குத் தனியாக ஓர் அகராதியே கொண்டுவந்தார், அது வேறு விஷயம். கதைக்குள் வாத்தியார் வேலை பார்க்கவில்லை.

அருஞ்சொற்பொருள் போடாதீர்கள் என்பது என் கட்சி. புரியாத சொல் நான்கு இடத்தில் வந்தால் ஐந்தாவது இடத்தில் புரிந்துவிடும். நான்கு இடத்தில் வராத சொல் என்றால் அது அந்தக் கதைக்கு வேண்டுமா என்று பாருங்கள்.

வாசகர், சென்னை: 'அசுரன்' படம் பார்த்துவிட்டு 'வெக்கை' நாவலைப் படித்தேன். அதே கதைதான், ஆனால் வேறு கதைபோல இருக்கிறதே?

பதில்: யார் பக்கத்தில் நின்று சொல்கிறோம் என்பது மாறிவிட்டது. பூமணியின் 'வெக்கை' (1982) முழுக்க சிதம்பரம் என்கிற பையனோடு நடக்கிறது. கையை வெட்டத்தான் நினைத்தான், ஆளே செத்துப்போகிறான். அப்புறம் தகப்பனும் மகனுமாகக் காடு மலை என்று ஒளிந்து திரிகிறார்கள். படர்க்கைதான், ஆனால் 'நான்' என்று சொல்லாத குறை. பையனுக்குப் பசிக்கிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைப் பறித்துத் தின்னலாம், வீட்டில் தங்கச்சி என்ன செய்கிறாளோ என்று நினைப்பு ஓடுகிறது. தகப்பனுடைய பழைய வாழ்க்கை அவர் வாயால், நடக்கிற வழியில், அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாக வருகிறது. கொலைக்கு அடுத்த நாளும் சோறு பொங்க வேண்டியிருக்கிறதே என்கிற ஆச்சரியம் நாவல் பூராவும் இருக்கும்.

2019-ல் வெற்றிமாறன் படமாக எடுத்தபோது நடுநாயகம் தகப்பன் ஆகிவிட்டார். அவருடைய இளமைக்காலம் பெரிய பகுதியாக விரிகிறது, அடங்கியிருக்கிற மனிதர் எப்போது எழுந்து நிற்பார் என்பதே நம்மை உட்கார வைக்கிறது. நல்ல படம்தான். ஆனால் நாவலில் நாம் அப்பாவை அண்ணாந்து பார்க்கிறோம், படத்தில் அப்பா கண்ணால் மகனைப் பார்த்துப் பதறுகிறோம். சம்பவங்களை எவ்வளவு அப்படியே வைத்துக்கொண்டாலும் இது மாறினால் கதை மாறியதுதான்.

வாசகர், டொராண்டோ: கதைசொல்லி பொய் சொல்லலாமா? வாசகனை ஏமாற்றுவது ஆகாதா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். படிக்கிறவன் கண்டுபிடிக்க ஒரு சந்து மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

இதற்குத் தமிழில் நான் எப்போதும் சொல்லும் கதை தி. ஜானகிராமனின் 'பாயசம்'. கல்யாண வீடு, சாமநாது என்கிற கிழவர், நன்றாக வாழ்ந்துவிட்ட அண்ணன் மகன் சுப்பராயன்மேல் வயிற்றெரிச்சல். 'நான்' என்று அவர் சொல்வதில்லை, ஆனால் எல்லாம் அவர் கண்ணால்தான் நமக்கு வருகிறது. செத்துப்போன மனைவி வாலாம்பாளோடு மனசுக்குள்ளேயே வாக்குவாதம் நடத்துகிறார். அவர் பொருமப் பொருமத்தான் சுப்பராயன் எவ்வளவு நல்லவன் என்பது நமக்குத் தெரியவருகிறது! அவ்வளவு பேருக்கும் காய்ச்சி வைத்த பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு ஊருக்கு ஒரு பொய்யைச் சொல்கிறார். 'சாமநாது பொறாமைக்காரர்' என்று ஆசிரியர் நம்மிடம் வந்து சொல்லியிருந்தால் கிழவரைத் திட்டிவிட்டுப் போயிருப்போம். அவர் மூளைக்குள்ளேயே உட்கார்ந்து வந்ததால், கவிழ்க்கிற நேரத்தில் நம் கையும் அந்தப் பாத்திரத்தின்மேல் இருக்கிறது. அதுதான் சங்கடம்.

நீங்கள் இருக்கும் ஊரைப் பார்த்ததும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் (2001) பிரான்ஸில் அகதி அந்தஸ்து கேட்டு எழுதுகிற விண்ணப்பமாகத் தொடங்குகிறது. விண்ணப்பத்துக்கு என்று ஒரு குரல் உண்டு. எண் போட்டு எழுத வேண்டும், தேதி இருக்க வேண்டும், மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரி நம்ப வேண்டும். உண்மையே என்றாலும் அவர் நம்புகிற மாதிரியான உண்மையாக இருந்தால்தான் காரியம் ஆகும். பிள்ளைப் பிராயமும் ஊரும் வருகிற பக்கங்களில் குரல் வேறு மாதிரி, கிண்டலும் கும்மாளமுமாக ஓடுகிறது. இரண்டையும் படித்துவிட்டு எது பொய், எது மெய் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். யாரிடம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஆளின் நடை எப்படி மாறும் என்று பார்க்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

வாசகி, விழுப்புரம்: ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பினேன். 'கதைசொல்லியின் குரல் நிலைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன அர்த்தம் என்றே புரியவில்லை. கதையின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: ஒரு வரியாவது எழுதினார்களே, பெரும்பாலும் அதுவும் வராது. உங்கள் கதையைப் படித்தேன். பத்தாம் வகுப்புப் பெண் 'நான்' என்று சொல்கிறாள். தொடக்கம் நன்றாகவே இருக்கிறது, மாமா வீட்டுக்கு வருகிற காட்சியில் செருப்பு எங்கே கழற்றிப் போடுகிறார் என்று அவள் கவனிப்பது அசலான இடம். இரண்டாம் பக்கத்தில் "வெட்கத்தில் என் முகம் சிவந்தது" என்று வருகிறது. அவள் முகத்தை அவள் எப்படிப் பார்த்தாள்? காது சுட்டிருக்கும், அதை எழுதலாம். நான்காம் பக்கத்தில் அடுத்த அறையில் அம்மாவும் மாமாவும் பேசுவது முழுசாக வருகிறது, மாமா "உள்ளுக்குள் குமைந்தார்" என்றும் வருகிறது. கதவு சாத்தியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் பக்கத்தில் அந்தப் பெண் "ஆணாதிக்கச் சமூகத்தின் கட்டமைப்பு" என்கிறாள். அது உங்கள் குரல், அவளுடையது இல்லை. கருத்து சரியா தப்பா என்பது வேறு.

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க முடியாத வரி, அவள் வாயில் வராத வரி எல்லாவற்றின் கீழும் கோடு போடுங்கள். அம்மா–மாமா பேச்சில் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கிற துண்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், "நகை", "என் பேச்சை மீறி", அப்புறம் ஒரு தம்ளர் உருள்கிற சத்தம், இந்த மாதிரி. ஒன்றரைப் பக்கம் குறையும், குறையட்டும். திருத்தியதை அதே பத்திரிகைக்கே மறுபடி அனுப்புங்கள், திருத்தி அனுப்புகிறேன் என்று மேலே ஒரு வரி எழுதி. யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பினால் இன்னும் நல்லது, உங்கள் கையெழுத்தில் 'ன'வும் 'ண'வும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன.